கை நனைக்காத விருந்தாளி

1

முதலில் ஒரு வதந்தியை அடக்கிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி கனடாவில் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கும்பகோணத்தில் கிளம்பிய பேச்சு இப்போது வேதாரண்யம் வரைக்கும் போய்விட்டதாம். அவர் குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. வேண்டுமானால் ஐயாறப்பர் மேல் சத்தியம் செய்கிறேன்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட படம். மேசை நிறைய ஒயின் கிளாஸ்கள். நடுவில் இவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கிறது, இரண்டு கண்ணும் கலங்கியிருக்கின்றன. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை.

படம் போன கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கும்பகோணத்திலிருந்து கூப்பிட்டாள்.

“ஏன் அண்ணி, அண்ணன் மூஞ்சியே சரியில்லையே. எத்தனை ரவுண்டாம்?”

“ரவுண்டெல்லாம் ஒண்ணும் இல்லடி. ஒரே ஒரு திராட்சைப் பழம், அவ்வளவுதான்” என்றேன்.

“போங்க அண்ணி. நீங்களும் சேந்து மறைக்கிறீங்க” என்று வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் கிடையாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

2

நாங்கள் டொரன்டோவுக்குப் பக்கத்தில் பிராம்டனில் இருக்கிறோம். இவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்குகளுக்கு மேற்பார்வையாளர். அங்கே கலியமூர்த்தியை யாருக்கும் சொல்ல வராததால் ‘மர்ட்டி’ ஆக்கிவிட்டார்கள். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். எங்களுக்கு ஒரே பெண், அபிராமி. பிசியோதெரபிஸ்ட். ஊரார் முட்டியையெல்லாம் மடக்கி நீட்டி வைப்பவள், அவள் அப்பாவை மட்டும் ஒரு இஞ்ச் வளைக்க முடியாமல் போன வருஷம் முழுக்கத் தவித்தாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு லூக்கா என்று ஒரு பையனைப் பிடித்துவிட்டது. இத்தாலியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நயாகரா பக்கத்தில் திராட்சைத் தோட்டம், ஒயின் போடுகிறார்கள். பையன் தங்கமான பையன். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் விடுவான், ரசம் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பான். இவரிடம் சொன்னபோது முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஆம்பிளை “பாக்கலாம்” என்று சொன்னால் அதை எதிலும் சேர்க்க முடியாது.

அபி அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒருநாள் சமையலறையில் வந்து நின்று சொன்னாள்.

“அம்மா, அப்பா வேணாம்னு சொன்னா நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் எனக்குப் பாக்காதீங்க. அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ மாறாது என்று எனக்குத் தெரியும். இவருடைய பெண்தானே, சொன்னால் சொன்னதுதான்.

இவருக்கு அந்தப் பையன் வேறு ஜாதி, வேறு மதம், வெள்ளைக்காரன் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். இவருடைய சிக்கல் வேறு. இங்கே வந்த நாளிலிருந்து இவர் ஒரு வாக்கியத்தின் மேல்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார். “அபி கல்யாணத்த முடிச்சுட்டு ஊருக்குப் போயிடலாம்.” குளிரில் பைப் வெடித்தால் இதைச் சொல்வார். டிப்போவில் மேலதிகாரி கத்தினால் இதைச் சொல்வார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இவருடைய ஊர் வீட்டில், நாங்கள் திரும்பிப் போய் உட்காருவதற்கென்று வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி வைத்திருக்கிறார். இதுவரைக்கும் அதில் பல்லி மட்டும்தான் குடியிருக்கிறது.

அபி கல்யாணம் ஆகாத வரைக்கும் அந்த வாக்கியத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆகிவிட்டால்? ஒன்று பெட்டியைக் கட்ட வேண்டும், இல்லை, போகப்போவதில்லை என்று வாய்விட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். அதிலும் பெண் இங்கேயே ஒரு தோட்டத்தில் வேர்விட்டால் இவர் எங்கே போவார்? இதை இவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கார் டயரில் காற்று பார்க்கப் போய்விடுவார்.

3

அந்தச் சமயத்தில்தான் லூக்கா ஒரு யோசனை சொன்னான். “அங்கிள், சும்மா எங்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வாருங்கள். குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது. எல்லாருக்கும் காட்டுகிற மாதிரி காட்டுகிறோம்.” பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்ற பேச்சே இல்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும் சுற்றுலாக்காரர்களைப் போல நாங்களும் போக வேண்டியது, அவ்வளவுதான்.

இவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

“போவோம். சுத்திப் பாக்குறதுல ஒண்ணும் இல்ல. ஆனா கை நனைக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நயாகராவில் வந்து நிற்கிறது பாருங்கள் நம்ம ஊர்ச் சட்டம். சம்பந்தம் பேசி முடிவாகாத வீட்டில் சாப்பிடக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கலாம். காபி விஷயத்தில் மட்டும் ஊருக்கு ஊர் தீர்ப்பு மாறும்.

என் அப்பா இந்த விஷயத்தில் இவரைவிடக் கெட்டி. எனக்காக இவர் வீட்டைப் பார்க்க அவர் போனது நல்ல சித்திரை வெயில். என் மாமியார் மோர் கொண்டுவந்தார், இளநீர் வெட்டினார், வாழை இலையே போட்டுவிட்டார். அப்பா எதையும் தொடவில்லை. “இருக்கட்டும்ங்க, இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்” என்று பல்லைக் காட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்துக் கடையில் நின்று மூன்று கோலி சோடாவை வரிசையாக உடைத்துக் குடித்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்ட கடைக்காரர் என் மாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். கல்யாணமாகிப் போன முதல் வருஷம் முழுக்க என் மாமியார் எனக்குச் சாதம் போடும்போதெல்லாம், “போதுமாம்மா, இல்ல சோடா வாங்கியாரச் சொல்லவா?” என்று கேட்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அபி என்னிடம் கேட்டாள். “அம்மா, அப்பா ஏதோ கை நனைக்க மாட்டேன்னு சொன்னாரே, அப்படின்னா என்ன?”

சொன்னேன். சும்மா இருக்காமல் சோடா கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கண்ணை விரித்தாள். “அப்போ அப்பா அங்க ஏதாவது சாப்பிட்டா யெஸ்னு அர்த்தமா?”

“ஆமாம்டி. ஆனா அவர் சாப்பிட மாட்டார்.”

“பாக்கலாம்” என்றாள். அப்பாவின் அதே ‘பாக்கலாம்’. அடுத்த நிமிஷம் அவள் கை போனில் டைப் அடித்துக்கொண்டிருந்தது.

4

ஏரிக்கரை ரோட்டில் பனி இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி ஒதுக்கிக் கிடந்தது. தோட்டம் முழுக்க இலையே இல்லாத கொடிகள், கம்பியில் கட்டி வரிசை வரிசையாக நின்றன. இவர் காரை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, “வரிசை நடவு நல்லாப் போட்டிருக்கான்” என்பதுதான்.

லூக்காவின் அப்பா ஆல்டோ கதவைத் திறந்தார். ஆள் ஆறடி. இரண்டு கையையும் ஆட்டாமல் அவருக்குப் பேச்சு வராது. அவர் மனைவி கார்லா சின்ன உருவம், என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, உடனே இவரைத்தான் பார்த்தாள். பார்த்தது முகத்தை இல்லை, கையை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நேற்று என் சமையலறையில் சொன்னது விடிவதற்குள் நயாகரா வந்து சேர்ந்திருக்கிறது. இவர் ஒருத்தருக்குத்தான் அது தெரியாது.

உள்ளே நுழைந்ததும், வண்டி ஓட்டுபவர் யார் என்று கேட்டு அவர் சட்டையில் ஒரு பச்சை வில்லை ஒட்டினார்கள். வில்லை ஒட்டியவருக்கு ஒயின் கிடையாது, அதுதான் விதி. இவர் அதை நெஞ்சில் மெடல் மாதிரி தடவிக்கொண்டார். “பாத்தியா வசந்தா, அரசாங்கமே நம்ம பக்கம் இருக்கு” என்று என் காதில் சொன்னார்.

ஆனால் கார்லா விடுகிற ஆள் இல்லை. ஆலிவ் காய் வந்தது. “இருக்கட்டும், இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம்.” சீஸ் வந்தது. “இருக்கட்டும்.” சூடான ரொட்டி வந்தது, வில்லைக்காரர்களுக்கென்று போதையில்லாத திராட்சை ரசம் வந்தது. எல்லாவற்றுக்கும் இவர் என் அப்பா மாதிரியே பல்லைக் காட்டிவிட்டு, தண்ணீர் ஜக்கை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு தட்டு வரும்போதும் கார்லா, ஆல்டோ, லூக்கா, அபி நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இவர் கையையே பார்ப்பார்கள். தட்டு திரும்பிப் போகும்போது நாலு பேரும் ஒன்றாக மூச்சை விடுவார்கள். கிரிக்கெட் பார்க்கிற கூட்டம் தோற்றது போங்கள்.

மேசைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கிண்ணம் இருந்தது. இவர் அதைக் காட்டி, “இது எதுக்கு?” என்று லூக்காவிடம் கேட்டார். ருசி பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் குடித்தால் தலை சுற்றும், அதனால் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இதில் துப்பிவிடுவார்கள், அது மரியாதைக் குறைவு இல்லை என்று அவன் விளக்கினான்.

“அடப்பாவமே, படிக்கம்!” என்றார் இவர் என்னிடம். “வெத்தல போட்டுத் துப்புனா அர்த்தம் இருக்கு. ஒருத்தன் ஊத்திக் குடுத்தத அவன் எதிர்லயே துப்புறதா?”

நான் ஒரு மிடறு நாக்கில் வைத்தேன். எழுதத்தானே வேண்டும், மறைப்பானேன். பனி விழுந்த பிறகு பறிக்கும் பழத்தில் போட்ட ஒயினாம், பாகு மாதிரி தித்தித்தது. துப்பவில்லை. இவர் என் கிளாஸை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து மட்டும் பார்த்தார். வாசனைக்குச் சட்டத்தில் தடையில்லையாம்.

“என்ன வாசனை வருகிறது?” என்று ஆல்டோ ஆசையாகக் கேட்டார்.

“வெல்லம் காய்ச்சுற கொட்டாய்” என்றார் இவர். அபி அதை அவருக்கு மொழிபெயர்ப்பதற்குள் படாதபாடு பட்டாள்.

5

பிறகு எங்களைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். குளிர் காதைப் பிய்த்தது. இந்தப் பழத்தை இலையுதிர்காலத்தில் பறிக்காமல் விட்டுவிடுவார்களாம். பறவை கொத்தாமல் வலை போட்டு மூடி, குளிருக்காகக் காத்திருப்பார்களாம். பழம் கொடியிலேயே கல் மாதிரி உறைய வேண்டும். உறைந்த அன்றைக்கே எல்லாரும் ஓடிவந்து பறிக்க வேண்டும்.

“குளிர் வரவில்லை என்றால்?” என்று கேட்டார் இவர்.

ஆல்டோ அப்போதுதான் கையை ஆட்டாமல் பேசினார். “ஒரு வருஷம் வரவில்லை. தை மாதம் முடிகிற வரைக்கும் தினமும் வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் கொடியிலேயே அழுகிப் போனது.” தை மாதம் என்று அவர் சொல்லவில்லை, அது என் மொழிபெயர்ப்பு.

இவர் நின்றுவிட்டார். “நமக்குத் தண்ணி வரல, இவனுக்குக் குளிர் வரல. ரெண்டும் ஒரே பொழப்புதான்” என்று என்னிடம் தமிழில் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேட்டூர் திறக்காத வருஷங்களில் இவருடைய அப்பாவும் அப்படித்தான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

கடைசி வரிசையை மட்டும் இன்னும் பறிக்காமல் வைத்திருந்தார்கள். ஆல்டோ வலையைத் தூக்கிக் காட்டினார். பழுப்பேறிச் சுருங்கிய பழங்கள், மேலே பனித்தூள். காட்டிவிட்டு அவரும் மற்றவர்களும் முன்னால் நடந்துவிட்டார்கள். நானும் இவரும் பின்னால்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வரப்பில் நடக்கிற எந்த ஆம்பிளையும் சும்மா நடக்க மாட்டான். கதிர் வந்திருந்தால் கை தானாகப் போகும். ஒரு நெல்லை உருவிப் பல்லில் வைத்துக் கடித்து, பால் பிடித்திருக்கிறதா, முற்றிவிட்டதா என்று பார்ப்பான். அவன் வயலா அடுத்தவன் வயலா என்று கை கேட்காது. இவர் அந்தப் பழக்கத்தைக் கடல் தாண்டியும் கொண்டுவந்தவர். கடையில் திராட்சை வாங்கினால் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். சின்ன வயதில் அபி வெட்கத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். “கொட்டைய முழுங்கிடாத, வயித்துல மரம் முளைக்கும்” என்று அவளுக்கும் ஒன்று கொடுப்பார்.

அன்றைக்கும் அதேதான் நடந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இவர் கை வலைக்குள் போய், ஒரு பழத்தைக் கிள்ளி, வாய்க்குள் போட்டுவிட்டது. கடித்தார். கடிபடவில்லை, பனிக்கட்டி. பல் கூசி முகம் கோணியது. அப்போதுதான் அவருக்குத் தான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது. அப்படியே பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“என்னங்க, கை நனைச்சுட்டீங்களா?” என்றேன்.

தலையை வேகமாக ஆட்டினார். இல்லையாம். வாயைத் திறக்க முடியவில்லை.

“அப்போ துப்பிடுங்க.”

அதற்கும் தலையை ஆட்டினார். முன்னால் போகும் மனுஷன் வானத்தைப் பார்த்து நின்று காப்பாற்றிய பழம். அவருடைய மண்ணிலேயே அதைத் துப்புவதா? இவரால் முடியாது, எனக்குத் தெரியும். சோறு சிந்தினாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்று நம்மில் சொல்வார்களே, அதை என் வீட்டுக்காரர் நிஜமாகவே செய்துகொண்டு பனியில் நடந்தார். ஆல்டோ திரும்பித் திரும்பி ஏதோ கேட்டார். இவர் “ம்ம்”, “ம்ம்ம்” என்று பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மப்ளரை வாயில் திணித்துக்கொண்டேன்.

6

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கார்லா கடைசி அஸ்திரத்தை எடுத்துவிட்டாள். ஒரு பெரிய தட்டில், ஆவி பறக்க, சோறு. அவர்கள் ஊர் அரிசிச் சோறு, வெண்ணெய் போட்டுக் குழையக் கிண்டியது. நெல் விளையும் ஊர்க்காரர் என்று அபி சொல்லியிருக்கிறாள் போல. அதை நேராக இவருக்கு முன்னால் வைத்தாள். இவர் அந்தச் சோற்றைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

“எல்லாரும் இங்கே பாருங்கள்” என்று லூக்கா ஒரு படம் எடுத்தான். அதுதான் நீங்கள் பார்த்த படம்.

அபி போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பெரிசாக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தாள்.

“அப்பா, வாய்ல என்ன?”

இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். “தோட்டத்துல ஒரு பழத்தப் பிச்சு வாய்ல போட்டுட்டாருடி. அப்பலேருந்து வச்சிருக்காரு.” லூக்காவுக்குப் பாதி புரிந்தது, மீதியை அபி சொன்னாள். கார்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் பழத்தை ஒதுக்கிக்கொண்டு ஒரு மாதிரி குழறினார். “வயல்ல கடிச்சுப் பாக்குறது... சாப்பாட்டுல சேராது.”

யாரும் சிரிக்கவில்லை. நானே சிரிக்கவில்லை. ஏனென்றால் அபியின் முகம் மாறிவிட்டது. ஒரு வருஷமாகச் சிரித்துச் சிரித்துத் தாங்கிக்கொண்டிருந்த பெண். அந்தக் கறுப்புக் கிண்ணத்தை எடுத்து, மெதுவாக அப்பாவுக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“துப்பிடுங்கப்பா. இங்க துப்புனா தப்பில்ல. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நானும் நெனைக்க மாட்டேன்.”

இவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சின்ன வயதில் தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்குமே, அதே முகம்தான். கடவுளே, இந்த மனுஷன் துப்பித் தொலைத்துவிட்டால் என் பெண் காலத்துக்கும் அந்த ‘அவ்ளோதான்’ என்பதிலேயே நின்றுவிடுவாளே என்று பயந்தேன்.

இவர் மென்றார். நிதானமாக, ஒரு நெல்லைப் பதம் பார்க்கிற மாதிரி மென்றார். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

அபி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, அதற்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது.

“அப்பா, கொட்டையோடவா முழுங்கினீங்க? வயித்துல மரம் முளைக்குமே.”

“முளைக்கட்டும்” என்றார் இவர். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “இங்கயே முளைக்கட்டும். இனிமே நான் எங்க போகப்போறேன்.”

பிறகு கார்லா நீட்டிய ஸ்பூனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் ஜக்கில் விரலை நனைத்துக்கொண்டு, சோற்றில் கையை வைத்தார்.